பச்சையம்மா சமைத்த பாடம்

திருக்காட்டுப்பள்ளி
6.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதி எழுதுகிறேன். இங்கே நான், அவர், கறவை மாடு எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலுக்கு அந்தத் தைலம் சரிப்பட்டதா?

விசாரிப்பு முடிந்தது. இனிமேல் சண்டை.

வியாழக்கிழமை தஞ்சாவூரில் எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு பயிற்சி. மாவட்டத்திலிருந்து மண்டபம் கொள்ளாத ஆசிரியர்கள். பயிற்சி அதிகாரி காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உனக்கு வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினேன். தப்பு என்னுடையதுதான். மத்தியானம் அவர், "யாராவது ஒருத்தர் வந்து உங்க போனை இந்தப் பெரிய திரையோட இணைச்சுக் காட்டுங்க" என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகத் தரையைப் பார்த்ததால் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

எப்படியோ இணைத்தேன். கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து உன் பதில் வந்தது. சுவர் அகலத்துக்கு, ஆளுயர எழுத்தில்:

"அந்தச் சொட்டைத் தலை ஆபீசர் இன்னும் அறுக்கிறாரா? தூக்கம் வந்தா முந்தானைய வாயில வச்சுக்க."

மண்டபமே படித்தது. அவரும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

அதனால் இனி வாட்ஸப் கிடையாது. போனையும் நீ எடுப்பதில்லை. நமக்குத் தபால்தான் சரி. கார்டில் எழுதாதே, கவரில் போட்டு ஒட்டி அனுப்பு.

உன் தங்கை,
மதிவதனி

*

பேராவூரணி
15.7.2025

மதிக்கு அக்கா எழில்மொழி எழுதுவது.

நாங்கள் நலம். தைலம் கையில் பிசுபிசுப்பதோடு சரி. மாட்டை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அத்தான் தோப்பிலிருந்து ஓடி வந்துவிட்டார், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த மனிதரிடம் யாராவது ஒருநாள் சொல்ல வேண்டியதுதானே. பிறகு என்ன ஆயிற்று? முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டாய்.

தபால் நல்ல யோசனை. எனக்கு ரொம்பவும் பிடித்திருக்கிறது. போன் என்ன போன், தோப்புக்குள் சிக்னலே கிடைப்பதில்லை. கொரகொரவென்று ஏதோ வருகிறது. எழுத்து என்றால் நின்று நிதானமாகப் படிக்கலாம்.

இன்னொன்று. இந்த வருஷமும் தலைமை ஆசிரியை பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாமே? உன் வீட்டுக்காரர் புகழேந்தித் தம்பி அத்தானிடம் சொல்லியிருக்கிறார். ஏன்டி? அசெம்பிளியில் மைக் முன்னால் நிற்க வேண்டுமே என்றுதானே? பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்க வாய் ஓயாதவள், பெரியவர்கள் நாலு பேரைப் பார்த்தால் ஊமையாகிவிடுகிறாய். உன்னை என்ன செய்வது?

கஜா புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த தென்னங்கன்றுகள் பாளை விட்டுவிட்டன. வந்து பார்.

எழில்மொழி

*

திருக்காட்டுப்பள்ளி
3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலமும் தோப்பின் நலமும் அறிய ஆசை.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டாயே. அந்த அதிகாரி கோபப்படவில்லை. "போனை இணைக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதாம்மா. உங்க பள்ளிக்கூடத்துக்கு இனி நீங்களே தொழில்நுட்பப் பொறுப்பாளர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தண்டனையா பாராட்டா என்று இன்னும் விளங்கவில்லை.

எங்கள் தலைமை ஆசிரியர் நடராசன் சாரைத்தான் உனக்குத் தெரியுமே. பள்ளிக்கு வந்த ஸ்மார்ட் போர்டுக்குப் பட்டு வேட்டி போர்த்தி வைத்திருந்தார். "தொட்டா ரிப்பேர் ஆயிரும் டீச்சர்" என்பார். தொட்டால்தான் அது வேலையே செய்யும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. கடைசியில் அந்த உத்தரவைக் காட்டி வேட்டியை விலக்கினேன். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். இப்போது எழுதுகிறேன், அழிக்கிறேன், படம் பெரிதாக்குகிறேன். பிள்ளைகளுக்கு நான் மந்திரவாதி.

இன்னொரு சேதி. குறுவை நடவு நேரத்தில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காக ஒளிச்சேர்க்கை பாடத்தை வாய்க்கால் கரையில் நின்று போனில் வீடியோ எடுத்தேன். புகழேந்திதான் எடுத்தார். நடுவில் நம் மாடு கத்தியது, அந்த இடத்தை வெட்டத் தெரியவில்லை. யூடியூபில் போட்டிருக்கிறேன். லிங்க் மட்டும் வாட்ஸப்பில் வரும். பார். ஆனால் பதில் போடாதே. கடிதம் எழுது.

உன்,
மதி

*

பேராவூரணி
24.8.2025

மதிக்கு,

சுகம். உன் வீட்டில் எல்லோரும் சுகமென்று நினைக்கிறேன். மாடு சுகம் என்பதை உன் வீடியோவிலேயே பார்த்துவிட்டேன். உன்னைவிட அது படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது.

வீடியோவைப் பலதடவை பார்த்தேன். மாம்பழ நிறப் புடவை எடுப்பாக இருக்கிறது. கையை ஆட்டுவதைக் குறை, பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறதே, கண்ணுக்குக் குளிர்ச்சி.

ஆனால் நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை விளங்கவில்லை. பக்கத்தில் தேங்காய் மட்டை உரிக்கிற மிஷின் போட்டிருக்கிறார்கள், அந்தச் சத்தம். சினிமாவில் கீழே எழுத்து ஓடுமே, அதுபோல நீ பேசுவதைக் கீழே போட முடியாதா? பெரிதாகப் போடு. அப்படிப் போட்டால் என்னைப் போன்றவர்களும் பார்ப்பார்கள்.

என்னைப் போன்றவர்கள் என்றால், மிஷின் பக்கத்தில் இருப்பவர்கள்.

எழில்மொழி

*

திருக்காட்டுப்பள்ளி
21.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா? சீக்கிரம் விஷயத்துக்கு வருகிறேன், கை துறுதுறுக்கிறது.

நீ கேட்டதற்காக எழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். நாம் பேசினால் அதுவே கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு ஆப் இருக்கிறது. நான் பேசியது: "இலையில் உள்ள பச்சையம், கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து, சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது." அது எழுதியது: "இலையில் உள்ள பச்சையம்மா, கறி மிளகாயையும் தண்ணீரையும் சேர்த்து, சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறார்."

நான் சரிபார்க்காமல் போட்டுவிட்டேன்.

பரீட்சை வந்தது. ஏழாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பச்சையம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண், "வெயில் இல்லாத நாளில் பச்சையம்மா சமைக்க மாட்டார்" என்று எழுதியிருந்தாள். எப்படி மார்க்கைக் குறைப்பது? விஷயம் சரிதானே! இன்னொருத்தி, "இரவில் அவருக்கு லீவு." அதுவும் சரி.

நடராசன் சார் விடைத்தாள்களைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், எனக்குத் தெரியாம சத்துணவுக்கு யாரைப் போட்டீங்க?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் கையாலேயே திருத்தித் திருத்திப் போடுகிறேன். திருத்தும்போதுதான் தெரிகிறது, நான் எவ்வளவு சுற்றி வளைத்துப் பேசுகிறேன் என்று. நீளமான வாக்கியம் கீழே நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் பாடத்தையே சின்னச் சின்ன வாக்கியமாக மாற்றிவிட்டேன். வகுப்பிலும் அப்படியே பேசுகிறேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

ரைஸ் மில்லில் வேலை பார்க்கிற காத்தாயி, ஒரு பிள்ளையின் அம்மா, ரோட்டில் நிறுத்தி, "டீச்சர், மில்லு சத்தத்துல ஒண்ணும் கேக்காது. எழுத்தப் படிச்சுத்தான் மவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். எல்லாம் உன் மிஷினின் புண்ணியம்.

உன்,
மதி

*

பேராவூரணி
5.10.2025

மதிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் பச்சையம்மாவுக்கு என் வணக்கம். புது வீடியோக்களை எழுத்தோடு பார்த்தேன், எல்லாம் விளங்கியது. வேர் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதை நீ சொன்ன மாதிரி விவசாய ஆபீசர்கூடச் சொன்னதில்லை.

இங்கே ஒரு கூத்து. அடுத்த தோப்பு வள்ளியம்மை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எம்பையனுக்கு வாழை வந்திருச்சுக்கா" என்றாள். சந்தோஷம்தானே. "மாட்டு எரு நெறைய வையி. குலை தள்ளுனதும் முட்டுக் குடு, இல்லாட்டி காத்துல சாஞ்சிரும்" என்று சொல்லி அனுப்பினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு அத்தான் சொல்கிறார், பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசினால் யாருக்குத்தான் விளங்கும்?

இப்போதெல்லாம் ஊரில் எல்லோரும் வாயைத் திறக்காமலே பேசுகிறார்கள்.

எழில்மொழி

*

திருக்காட்டுப்பள்ளி
26.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் மழைதானா? இங்கே சம்பாப் பயிர் நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது. புகழேந்தி வயலே கதி என்று இருக்கிறார். ஓசூர் வாழையைப் படித்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆயுத பூஜைக்கு நடராசன் சார் ஸ்மார்ட் போர்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினார். நல்லது. ஆனால் சந்தனத்தை மூலைக்கு மூலை அப்பிவிட்டதில், லீவு முடிந்து வந்து பார்த்தால் போர்டு தானாகவே கோடு போடுகிறது. யாரோ உள்ளேயிருந்து தொடுவதாக அதற்கு நினைப்பு. பிள்ளைகள், "பச்சையம்மா எழுதுறாங்க டீச்சர்!" என்று கூச்சல். பஞ்சும் தண்ணீருமாக ஓரங்களைத் துடைத்துத் துடைத்து வழிக்குக் கொண்டு வந்தேன். இப்போது அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் போர்டுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் அனுப்புகிறார்கள்.

அக்கா, ஒரு தொல்லை வந்திருக்கிறது. அந்தப் பயிற்சி அதிகாரி என் வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். கோயம்புத்தூரில் ஆசிரியர்கள் மாநாடு. எழுத்தோடு பாடம் நடத்துவதைப் பற்றி நான் பேச வேண்டுமாம். மேடையில். மைக்கில். பெரிய பெரிய காலேஜ் பேராசிரியர்கள் எல்லாம் வருவார்களாம். கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? மாடு கன்று போடுகிற சமயம் என்று சொன்னால் நம்புவார்களா?

உன்,
மதி

*

பேராவூரணி
2.11.2025

மதிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. போ.

மாட்டை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மாம்பழ நிறப் புடவை கட்டு. கையை ஆட்டாதே.

நீ போகாவிட்டால், "மதிவதனி டீச்சருக்குப் பயம்" என்று அந்தச் சொட்டைத் தலைக்கு நானே வாட்ஸப் அனுப்புவேன். நம்பர் வாங்கிவிட்டேன்.

எழில்மொழி

*

திருக்காட்டுப்பள்ளி
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. கடைசிவரை படி.

போனேன். மேடை ஏறினேன். எனக்கு முன்னால் பேசியவர் படம் படமாகப் போட்டு, புள்ளிவிவரமாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார். முன் வரிசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்து, "எங்க பள்ளிக்கூடத்துல பச்சையம்மான்னு ஒருத்தங்க சமைக்கிறாங்க" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அந்த விடைத்தாள்களைத் திரையில் காட்டினேன். சிரித்தார்கள் பார், தூங்கியவர் எழுந்து பக்கத்திலிருந்தவரிடம் என்னவென்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பயமே இல்லை. காத்தாயியைப் பற்றி, வாக்கியத்தைச் சின்னதாக்கியதைப் பற்றி, எல்லாம் சொன்னேன். நேரம் முடிந்ததற்கான மணியை இரண்டாம் தடவை அடிக்க வேண்டியதாயிற்று. நான்தானா அது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

பிறகு கேள்வி நேரம். நாகப்பட்டினத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற அனீஸா என்ற டீச்சர் எழுந்தார்.

"முதல்ல யாருக்காக எழுத்துப் போட ஆரம்பிச்சீங்க?"

"எங்க அக்காவுக்காக. அவங்க வீட்டுப் பக்கத்துல மட்டை உரிக்கிற மிஷின் ஓடும். சத்தத்துல கேக்காது."

"எந்நேரமும் ஓடுமா?"

"பகல்ல ஓடும்னு நினைக்கிறேன்."

"அப்ப சாயங்காலம் பாக்கலாமே. போன்ல நல்லா பேசுவாங்களா?"

"போன எடுக்க மாட்டாங்க. சிக்னல் கிடைக்காதுன்னு..." என்று ஆரம்பித்தேன். உன் வாட்ஸப் மட்டும் எப்படித் தஞ்சாவூர் வரை வந்தது? அங்கேயே, அத்தனை பேர் முன்னால், உன் கடிதங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கொரகொர சத்தம். வாயைத் திறக்காமல் பேசுகிற ஊர். வள்ளியம்மை வீட்டு வாழை. அதைப் படித்து நான் சிரித்தேனே அக்கா.

எனக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்து எல்லோரும் அன்பாகக் கைதட்டினார்கள். அனீஸா மட்டும் வெளியே டீ குடிக்கும்போது வந்து, "அக்காவக் கோவிச்சுக்காதீங்க. பாதிப் பேரு இப்படித்தான் மறைப்பாங்க" என்றார். நிறைய விவரம் சொன்னார்.

உனக்குக் காது கேட்பதில்லையா அக்கா? எவ்வளவு நாளாக? மழுப்பாமல் எழுது.

உன்,
மதி

*

திருக்காட்டுப்பள்ளி
4.1.2026

அக்காவுக்கு,

பதில் இல்லை. அத்தானிடம் போனில் கேட்டேன். "உங்கக்காவப் பத்தி என்கிட்டக் கேட்டா நான் எங்கம்மா போறது?" என்று வைத்துவிட்டார்.

தஞ்சாவூரில் காது டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்த சனிக்கிழமை நானே வந்து உன்னை அழைத்துப் போகிறேன். தோப்புக்குள் ஒளிந்தாலும் விட மாட்டேன். மேடையில் பேசிவிட்டவளாக்கும் நான்.

மதி

*

பேராவூரணி
8.3.2026

அன்புள்ள மதிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அத்தானும் உடம்பளவில் நலம். மற்றபடி அவருக்கு இப்போது கஷ்ட காலம்.

டிசம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. எழுதினேன், கிழித்தேன். உனக்குத் தெரியும், இந்த வீட்டில் தேங்காய் வியாபாரியிடம் பேரம் பேசுவது நான். காது மந்தம் என்று தெரிந்தால் அவன் அத்தானிடம் போய்விடுவான். அத்தான் அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, மேலே டீயும் வாங்கிக் கொடுப்பார். அதுதான் வாயை மூடிக்கொண்டு, வருகிறவர்களின் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளினேன். வெற்றிலை போடுகிறவர்களிடம் மட்டும் தோற்றுப் போவேன்.

காதில் டாக்டர் கொடுத்த அந்த மிஷினை மாட்டிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து திரும்பிய அன்று முதலில் கேட்டது ஃபேன் சத்தம். அது இவ்வளவு கத்துமா? பிறகு அத்தான். நான் ஏதாவது சொன்னதும் அந்தப் பக்கம் திரும்பி எதையோ முணுமுணுப்பாரே, மந்திரம் சொல்கிறார், பக்திமான் என்று நினைத்திருந்தேன். அன்று நன்றாகக் கேட்டது. "ஆரம்பிச்சுட்டாய்யா மகராசி." வருஷக்கணக்காக இதைத்தான் சொல்லியிருக்கிறார்! "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டார். டம்ளர் விழுந்ததும் பிரமாதமாகக் கேட்டது. இப்போது முணுமுணுக்க வேண்டுமென்றால் வாசலைத் தாண்டிப் போகிறார். வாசல் வரைக்கும் எனக்குக் கேட்கிறது, அதை நான் சொல்லவில்லை.

போன வாரம் எங்கள் ஊர் ஆசிரியர்களுக்கு நீ பயிற்சி கொடுக்க வந்தாயே, வேலை இருக்கிறது, வர மாட்டேன் என்றேன் அல்லவா? வந்தேன். ஆசிரியர் இல்லாதவர்களை விடமாட்டேன் என்றான் வாசலில் ஒருவன். "பேசுறவளோட அக்கா" என்றேன், நாற்காலியே போட்டுக் கொடுத்தான். கடைசி வரிசை. எனக்கு முன்னால் இரண்டு டீச்சர்கள் குசுகுசுவென்று, "இந்தம்மாவப் பாத்தா ஹெச்எம் மாதிரி இருக்கில்ல?" "இன்னும் ஆகலயாம். இந்த வருசம் லிஸ்ட்ல பேரு இருக்காம்" என்று பேசிக்கொண்டார்கள். குசுகுசு என்று பேசுவதுகூடக் கேட்கிறது மதி! நடுவில் தலையை நீட்டி, "இந்தத் தடவ வேண்டாம்னு எழுதிக் குடுக்கல. என்கிட்டச் சத்தியம் பண்ணியிருக்கா" என்று சொன்னேன். இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள்.

நீ சத்தியம் எதுவும் பண்ணவில்லைதான். இனி பண்ணிவிடு.

நீ பேசும்போது திரையில் கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதால் எப்படியும் எழுத்துத் தெரிந்திருக்காது. பெரியவர்கள் அத்தனை பேரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, நீ பாட்டுக்குச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாய். கேள்வி கேட்டவனை மடக்கினாயே, சபாஷ்.

ஒரே ஒரு குறை. உன் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்குமென்று எனக்கு நினைவில்லை. திரையில் எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தபோது கம்பீரமாக இருந்தது. தலைமை ஆசிரியை ஆனதும் அசெம்பிளியில் கொஞ்சம் தாழ்த்திப் பேசு.

தம்பிக்கும் மாட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் என் அன்பு.

உன் அக்கா,
எழில்மொழி